புல் வெட்டும் மெஷினும் பேட்டரிக் கணக்கும்

பேட்டரி மெஷின் வாங்கினால் பெட்ரோல் செலவு மிச்சம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பேட்டரி வாங்கியவர்களாக இருக்க மாட்டார்கள். பெங்களூரில் சர்ஜாபுர ரோடு, ஒயிட்ஃபீல்டு பக்கம் அபார்ட்மெண்ட்களுக்கும் ஐடி வளாகங்களுக்கும் தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். ஆட்கள் பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். சில வருடங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரி மெஷின்களுக்கு மாறிக்கொண்டிருக்கிறோம். இன்னும் முழுதாக மாறவில்லை. மாறுவோமா என்றும் சொல்ல முடியாது.

நம் ஊரில் சட்டம் போட்டு யாரும் மாறச் சொல்லவில்லை. கலிபோர்னியாவில் 2021-ல் ஏபி 1346 என்ற சட்டம் வந்தது. அதன்படி 2024 மாடலிலிருந்து சின்ன பெட்ரோல் எஞ்சின் வைத்த புதிய கருவிகளில் பெரும்பாலானவற்றை அங்கே விற்க முடியாது. ஆனால் சட்டத்தோடு சேர்த்து, தோட்டத் தொழில் செய்பவர்கள் கருவி மாற்றிக்கொள்ள 3 கோடி டாலரும் ஒதுக்கினார்கள். இங்கே வந்தது டெண்டரில் ஒரு வரி மட்டும்தான்: 'பேட்டரியில் இயங்கும் கருவிகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.' அதற்குப் பக்கத்தில் ரேட்டுக்கான கட்டம் இருக்கும். அதில் போன வருடத் தொகையே இருக்கும்.

கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் பெட்ரோல் பிரஷ் கட்டரை இயக்குபவரின் காதருகே அது 90-ஐத் தாண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் மீட்டிங்கில் இருக்கும்போது ஜன்னலுக்குக் கீழே நாம் புல் வெட்டினால் அவர் என்ன செய்வார், பாவம். புகையும் சாதாரணமானதல்ல. சருகை ஊதித் தள்ளும் பெட்ரோல் ப்ளோயரை ஒரு மணி நேரம் ஓட்டினால், ஒரு காரை 1,100 மைல் ஓட்டிய அளவுக்குப் புகைமூட்ட மாசு வருகிறது என்பது கலிபோர்னியா காற்று வாரியத்தின் கணக்கு. பெங்களூரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலும் அவ்வளவு தூரம் ஆகாது.

சரி, பணத்துக்கு வருவோம். 35 சிசி பெட்ரோல் பிரஷ் கட்டர் அடர்ந்த புல்லில் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் மணிக்கு 60 ரூபாய். இப்போது பேட்டரி. மேலே 40 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அது முழு சார்ஜில் இருக்கும் உச்ச அளவு. கணக்குக்கு 36 வோல்ட்தான். 5 ஆம்பியர்-அவர் பேட்டரி பேக் என்றால், இரண்டையும் பெருக்கி 180 வாட்-அவர். அடர்ந்த புல்லில் மெஷின் 500 வாட் இழுத்தால் இருபது நிமிடத்தில் காலி. ஆக, மணிக்கு மூன்று பேக். ஆயிரம் வாட்-அவர் ஒரு யூனிட் கரண்ட். சார்ஜிங் சேதாரத்தையும் சேர்த்து முக்கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். யூனிட் 8 ரூபாய் என்று தாராளமாகவே வைத்தாலும் 6 ரூபாய்.

60 எங்கே, 6 எங்கே! விற்க வருபவர் இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்.

பேக் தேய்வதை அவர் சொல்வதில்லை. கணக்குக்காக ஒரு பேக் 12,000 ரூபாய், 800 முறை சார்ஜ் தாங்கும் என்று வையுங்கள். ஒரு முறைக்கு 15 ரூபாய், மணிக்கு மூன்று பேக் என்றால் 45. கரண்டையும் சேர்த்தால் 51. மிச்சம் மணிக்கு 9 ரூபாய். அதே பேக் 500 முறையிலேயே படுத்துவிட்டால் தேய்மானம் மட்டும் 72 ரூபாய். பெட்ரோலே தேவலை. பேட்டரி என்பது மொத்தமாக முன்பணம் கொடுத்து வாங்கி வைத்த பெட்ரோல். அது எத்தனை நாள் வரும் என்பது பங்க்காரர் கையில் இல்லை, நம் ஆட்கள் கையில் இருக்கிறது.

தினம் நான்கு மணி நேரம் வெட்டும் ஆளுக்குப் பன்னிரண்டு முறை பேக் மாற்ற வேண்டும். ஒரு பேக் ஏற ஒரு மணி நேரம் என்றால் ஒன்று மெஷினில், மூன்று சார்ஜரில், ஒன்று சூடு ஆறிக்கொண்டு என ஐந்து பேக்காவது வேண்டும். அதுவே 60,000 ரூபாய், மெஷின் விலை தனி. இந்த வேகத்தில் 800 முறை என்பது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். எங்கள் ஆடிட்டர் இவற்றை மெஷினோடு சேர்த்து வருடத்துக்கு 15 சதவீதத் தேய்மானத்தில் எழுதினார். வருடக் கடைசியில் பேக்குகள் ஓய்ந்து நிற்கும், கணக்குப் புத்தகத்திலோ 51,000 ரூபாய்ச் சொத்தாக இருக்கும்.

லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் எமன். வெட்டி முடித்த கையோடு எடுத்துச் சார்ஜரில் போட்டால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், சூடு இறங்கும்வரை ஏறாது. ஏப்ரல் மாத மதியத்தில் இது பெரிய ரோதனை. புதிதாக வந்த தம்பி ஒருவன் பேக்கைச் சீக்கிரம் ஆற வைக்கிறேன் என்று ஈரச் சாக்கில் சுற்றி, பத்திரமாக வாளிக்குள் வைத்திருந்தான். மேஸ்திரி அண்ணன் பார்த்துவிட்டு, "டேய், குழந்தைக்குக் காய்ச்சலாடா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டோம். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காய்கறி கிரேட்டில் பேக்குகளை இடைவெளி விட்டு அடுக்கி புங்க மர நிழலில் வைப்பது, ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் எண் போட்டு, வரிசைப்படிதான் எடுப்பது. இல்லாவிட்டால் எல்லோரும் புதிய பேக்கையே தேடி எடுப்பார்கள். அதில்தான் இழுவை நன்றாக இருக்கும். புதியது முதலில் சாகும்.

சில இடங்களில் சார்ஜ் போடவே இடம் கிடையாது. பேஸ்மெண்டில் லித்தியம் பேட்டரி வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும் என்கிறார்கள். பயம் நியாயமானதுதான். அப்படியானால் தரைத்தளத்தில் ஒரு பிளக் பாயிண்ட் கொடுங்கள் என்றால் அதற்கு ஒரு மீட்டிங் போடவேண்டும்.

ஆட்களுக்கும் இதில் இரண்டு மனது. ஹெட்ஜ் ட்ரிம்மரை எல்லோரும் உடனே ஏற்றுக்கொண்டார்கள். டுராண்டா செடி வேலியை மட்டம் தட்ட அதிக பவர் வேண்டாம், அதே பேக் ஒரு மணி நேரம் வரும். பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலக்கும் வேலை இல்லை, மாலையில் கை மரத்துப் போவதும் குறைவு. காசுக்கணக்கிலும் இங்கேதான் தெளிவான லாபம். பிரஷ் கட்டர் விஷயத்தில் அப்படி இல்லை. ஜூன் தொடங்கி அக்டோபர் வரை பெங்களூரில் புல் வளரும் வேகம் தெரியும் அல்லவா? விட்டுப்போன காலி மனையில் இடுப்பளவு நிற்கும், கோரையும் முள்ளும் கலந்து, ஈரத்தோடு. அங்கே பேட்டரி மெஷினைக் கொடுத்தபோது ஒருவர் சொன்னார்: "அண்ணா, இது புல்ல வெட்டல, தடவிக் கொடுக்குது." அந்த வேலைக்கு இன்னும் பெட்ரோல்தான். ப்ளோயர் சக்தியை வாரிக் குடிக்கும், ஆனால் விட்டு விட்டு ஓட்டுவதால் தாங்குகிறது. காலை ஏழு மணிக்கே அதிகச் சத்தமில்லாமல் தொடங்க முடிவதும் ஒரு வரவுதான், அதற்கு ரூபாயில் கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை.

ரிப்பேரில் பெட்ரோல் மெஷின் எப்போதும் ஜெயிக்கும். ஸ்பார்க் பிளக்கோ கார்புரேட்டரோ தெருமுனை மெக்கானிக் பார்த்துவிடுவார். பேட்டரி மெஷினில் எலக்ட்ரானிக் போர்டு போனால் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு கம்பெனி பேக் இன்னொரு கம்பெனி மெஷினில் பொருந்தாது என்பதால் முதல் மெஷின் வாங்கும் அன்றே அடுத்தடுத்த மெஷின்களையும் முடிவு செய்துவிடுகிறோம். ஒரு ஆறுதல், பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அதில் கட்டிய வரி திரும்ப வராது. பேட்டரிக்குக் கட்டிய ஜிஎஸ்டியை நாங்கள் வரவு வைத்துக்கொள்ளலாம். அப்புறம், கேனிலிருந்த பெட்ரோல் யாருடைய பைக்குக்குள் போனது என்ற விசாரணையும் ஒழிந்தது.

இப்போது புதுப்பிக்கும் காண்ட்ராக்ட்களில் 'பேட்டரி தேய்மானம்' என்று தனி வரி போடுகிறேன். ஒரு அபார்ட்மெண்ட் கமிட்டியில், "பெட்ரோல் செலவே இல்லையே, எதுக்கு ரேட் ஏத்துறீங்க?" என்றார் ரிட்டயர்டான ஒரு பெரியவர். மேலே எழுதிய கணக்கை அப்படியே ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார், 800 முறை என்பதற்கு யார் உத்தரவாதம் என்று சரியான இடத்தில் கேட்டார். கடைசியில் நான் கேட்டதில் பாதியும், தரைத்தளத்தில் ஒரு பிளக் பாயிண்டும் கொடுத்தார்கள். அதற்குத் தனி மீட்டர் போட வேண்டுமாம். மீட்டர் செலவு யாருடையது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.