பிரவுசருக்கு மாறுபவர்களுக்கு ஒரு வார்த்தை

மென்பொருளின் புதிய பதிப்பை சர்வர்களில் ஏற்றும் (டிப்ளாய்) வேலைக்கு மைக்ரோசாஃப்டின் பழைய ரிலீஸ் மேனேஜ்மென்ட் கிளையன்ட்டை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து பிரவுசரில் இயங்கும் புதியதற்கு மாறிவிடுங்கள். 2013-இல் இன்சைக்கிள் நிறுவனத்திடம் வாங்கிய இன்ரிலீஸ்தான் அது, ரிலீஸ் டெம்ப்ளேட்டில், அதாவது டிப்ளாய் படிகளின் வரிசையில், ஒரு ஸ்டெப்பை மாற்றவேண்டும் என்றாலும் அந்தக் கிளையன்ட் நிறுவிய கணினியைத் தேடிப் போகவேண்டும். 2016-இல் மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வர் (டிஎஃப்எஸ்) 2015 அப்டேட் 2 வந்ததும் எல்லாம் பிரவுசருக்குள் வந்துவிட்டது.

ஸ்டேஜ்களும் (டெஸ்ட், ப்ரொடக்ஷன் போன்ற கட்டங்கள்) அவற்றுக்கான ஒப்புதல்களும் பெரிய சிக்கலில்லாமல் மாறிவிடும். உண்மையான வேலை அப்ளிகேஷனின் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைல்களில்தான். பழையதில் வெப்.கான்ஃபிக் என்ற கான்ஃபிக் ஃபைலில் இரண்டு அடிக்கோடு, பெயர், மறுபடி இரண்டு அடிக்கோடு என்று எழுதிவைத்தால் டிப்ளாய் ஆகும்போது அதுவே மதிப்பை நிரப்பிவிடும், புதியதில் அதற்கென்று ஒரு டாஸ்க்கையோ பவர்ஷெல் ஸ்கிரிப்டையோ நாமேதான் சேர்க்கவேண்டும், மறந்தால் டிப்ளாய் பச்சையாகவே, அதாவது வெற்றி என்றே காட்டி, முடியும், ஆனால் அப்ளிகேஷன் அந்த அடிக்கோட்டுப் பெயரையே டேட்டாபேஸ் சர்வர் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் பாஸ்வேர்டுகள். பாஸ்வேர்டு போன்ற ரகசிய மதிப்பை வைத்துப் பூட்டு போட்ட வேரியபிளை யாராலும் திறந்து படிக்க முடியாது, அதனால் அவற்றை அந்தந்த டீமிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனை கடைசியில் மாற்றுங்கள், அதுவரை பழைய சர்வரை அணைக்கவேண்டாம்.