காலையில் மட்டும் கிறீச்சிட்ட கார்

எங்கள் வீட்டில் நிற்பது ரொயோட்டா கொரோல்லா 121. 1,497 சீசீ பெற்றோல் எஞ்சின், வயது இருபதைத் தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றுபோய், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய கார்களுக்கு வந்த மவுசைப் பார்த்து, இதை விற்பதில்லை, திருத்தித் திருத்தி ஓட்டுவது என்று முடிவெடுத்திருந்தேன். அந்த முடிவை ஐப்பசி மழை சோதித்தது. காலையில் சாவியைத் திருப்பி எஞ்சின் பிடித்த கையோடு, முன்பக்கத்திலிருந்து ‘கிறீ...ச்’ என்று நீளமாக ஒரு கத்தல். ஒழுங்கை நாய்கள் எழுந்து பதில் சொல்லும். ஓரிரு நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். மத்தியானத்தில் எத்தனை தரம் இயக்கினாலும் மூச்சு வராது.

அது பெல்ற் சத்தம் என்று சொல்ல மெக்கானிக் தேவையில்லை. இந்த எஞ்சினில் உட்பக்கம் வரிவரியாக ஓடும் தட்டையான பெல்ற் ஒன்று, எஞ்சின் தண்டோடு சுற்றும் சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து, மின்சாரம் தரும் ஒல்ரனேற்றர், எஞ்சினைக் குளிர்விக்கும் நீரைச் சுழலவிடும் வோட்டர் பம்ப், ஏ.சி. கொம்பிரசர் மூன்றையும் சுற்றுகிறது. ஸ்டார்ட்டர் உறிஞ்சிய மின்சாரத்தைப் பற்றரிக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக, எஞ்சின் இயங்கிய முதல் நிமிடங்களில் ஒல்ரனேற்றர் கடுமையாக உழைக்கும். அந்த நேரத்தில் அதைச் சுற்றுவது பாரம். பிடி போதாத பெல்ற் வழுக்கும், வழுக்கும்போது கத்தும். ஹெட்லைற்றையும் ஏ.சி.யையும் போட்டுப் பார்த்தேன், கத்தல் கூடியது. ஆக, வழுக்குவது உறுதி. ஏன் வழுக்குகிறது என்பதுதான் மிச்சமிருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வாயாக மழை ஈரம் என்றார்கள்.

நகரத்தில் ஒரு கராஜில் பொனற்றைத் திறந்த வேகத்திலேயே தீர்ப்பு வந்தது: பெல்ற் பழையது, மாற்ற வேண்டும். மாற்றினார்கள். ஒல்ரனேற்றரை இரும்புக் கம்பியால் நெம்பி, விரலால் அழுத்தினால் அசையாத அளவுக்கு இறுக்கினார்கள். சத்தம் நின்றது. சில வாரங்களில் பழையபடி கத்தியது. திரும்பக் கொண்டுபோனால் இன்னும் கொஞ்சம் இறுக்கி அனுப்பினார்கள். எனக்கு எரிச்சல் வந்தது இங்கேதான். அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ற், ஒல்ரனேற்றரினதும் பம்பினதும் பெயரிங்குகளை ஒரு பக்கமாக இழுத்துத் தேய்த்துவிடும். சத்தம் நிற்கும், அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுப்போம்.

மாமாவிடம் வேறு வைத்தியம் இருந்தது. போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்த 1990களில் ஒஸ்ரின் ஏ40 ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டியவர் அவர். துளி பெற்றோல் விட்டு எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை இன்றும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒஸ்ரினின் ஃபான் பெல்ற் கத்தினால் சவர்க்காரக் கட்டியை ஒரு பிடி பிடித்தால் அடங்கிவிடும் என்றார். அந்தக் காருக்கு அது சரியாகவே இருந்திருக்கும். இந்த வரிப் பெல்ற்றில் எதைப் பூசினாலும் அது வரிகளுக்குள் ஒட்டித் தூசியைச் சேர்த்து, சில நாள் கழித்து முன்னிலும் மோசமாக வழுக்கவைக்கும் என்று சொல்லி மறுத்துவிட்டேன். மருமகனுக்குப் படிப்புக் கூடிவிட்டது என்று அத்தையிடம் சொன்னாராம்.

தை பிறந்து மழை ஓய்ந்தது, கத்தல் ஓயவில்லை. மழையைக் குற்றம் சொன்னவர்கள் பனியைச் சொல்லத் தொடங்கினார்கள். கூரைக்குக் கீழே, தகரக் கதவு சாத்திய கொட்டகைக்குள் நின்ற காரும் கத்தியபோது எனக்குப் பனிமீதும் நம்பிக்கை போய்விட்டது. ஈரம் வெளியிலிருந்து வரவில்லை.

கோண்டாவிலில் வீட்டு முற்றத்திலேயே வேலை செய்யும் ஒருவரை நண்பர் காட்டினார். அறுபதை நெருங்கும் மனிதர். காரைக் கொண்டுபோன பின்னேரம் அவர் பொனற்றைத் தொடவே இல்லை. “சத்தம் காலையில் என்றால் நானும் காலையில்தானே கேட்க வேண்டும், தம்பி. இரவு இங்கே நிற்கட்டும்” என்றார். இந்த ஒரு வார்த்தையிலேயே பாதி நிம்மதி வந்தது.

மறுநாள் விடிய நான் போனபோது, உடுப்புக்கு அயன் பண்ணத் தண்ணீர் தெளிக்கும் போத்தலோடு நின்றார். எஞ்சினை இயக்கச் சொன்னார், அது கத்தியது. கையைத் தள்ளி வைத்துக்கொண்டு பெல்ற்றின் வரிப் பக்கத்தில் மெல்லத் தண்ணீரைத் தெளித்தார். கத்தல் காதைப் பிளந்தது. அண்ணை தலையை ஆட்டிவிட்டு விளக்கினார். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ற் வழுக்குகிறது: தளர்வாக இருக்கலாம், வரிகளில் ஏதாவது படிந்திருக்கலாம், சுற்ற வேண்டிய ஒன்று இறுகிப் போயிருக்கலாம். தண்ணீர் பட்டுச் சில விநாடி அடங்கி மறுபடி தொடங்கினால் புல்லிகள் ஒரே நேரில் இல்லை. அப்படியான கோளாறு பெரும்பாலும் ‘சிக் சிக்’ என்று விட்டுவிட்டு ஒலிக்குமாம், இப்படி இழுத்துக் கத்தாதாம்.

எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரேடியேற்றர் ஃபான் சூட்டைக் கண்டு தானாகச் சுற்றத் தொடங்கக்கூடியது, கை உள்ளே இருக்கும்போது சாவி வெளியில் இருக்க வேண்டும் என்றார். பிறகு பெல்ற்றைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமான இடத்தில் ஏறத்தாழ 10 கிலோ பாரத்துக்கு அழுத்தினால் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு இறங்க வேண்டும், இது அசையவே இல்லை. தளர்வு இல்லை என்பது முடிவாகிவிட்டது. இவ்வளவு இறுக்கியும் வழுக்குகிறது என்றால் வரிகளில்தான் ஏதோ இருக்கிறது.

பெல்ற்றைக் கழற்றினார். புதிய பெல்ற்றுதான், ஆனால் வரிகள் கண்ணாடி போலப் பளபளத்தன. பெல்ற் இல்லாமல் எஞ்சினை அரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடவிட்டார். சத்தமே இல்லை. பம்ப் சுற்றாததால் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது. அடுத்து ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றவைத்தார். ஒல்ரனேற்றர் வழுவழுப்பாகச் சுற்றியது. கொம்பிரசர் புல்லியும் அப்படியே. வோட்டர் பம்ப் புல்லியை என்னையே சுற்றச் சொன்னார். விரல் நுனியில் மணல் அரைபடுவது தெரிந்தது. மேலும் கீழுமாக ஆட்டினால் மயிரிழை அளவு அசைந்தது.

பின்பு முகம் பார்க்கும் சிறு கண்ணாடியையும் ரோர்ச்சையும் பம்புக்குப் பின்னால் பிடித்தார். பம்பின் உடம்பில், தண்டுக்குக் கீழே, ஒரு சிறு துளை இருக்கிறது. உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால் கசிவு பெயரிங்குக்குள் போகாமல் வெளியே வருவதற்காக வைத்த துளை அது. அதிலிருந்து கீழ் நோக்கி வெள்ளையாக ஒரு கோடு காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பாக உதிர்ந்தது, ஓரத்தில் மட்டும், எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேற்றருக்கு விடும் கூலன்ற் திரவத்தின் இளஞ்சிவப்பு. எங்கள் குசினிக் கேத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைதான்.

“ரேடியேற்றருக்கு என்ன தண்ணீர் விடுகிறீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மாமா வெள்ளிக்கிழமைகளில் காரைக் கழுவும்போது ரேடியேற்றரில் குறைந்துபோன தண்ணீரைக் கிணற்று வாளியாலேயே நிரப்பிவிடுவார். அதனால்தான் தண்ணீர் குறைவதை வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை.

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடப்பது. அந்தக் கடின நீர் எஞ்சின் சூட்டில் காய்ந்து காய்ந்து உள்ளே படிவாகிறது. பம்பின் சீல் என்பது ஒன்றோடொன்று உரசிச் சுற்றும் இரண்டு வழுவழுப்பான முகங்கள், அவற்றுக்கிடையே சுண்ணாம்புத் துகள் புகுந்தால் உரஞ்சித் தேய்க்கும். காலைக் கத்தலின் கணக்கும் அதோடு சரியாக வந்தது. எஞ்சின் ஆறும்போது உலோகம் சுருங்கி, தேய்ந்த சீல் கசிகிறது. இரவு முழுக்கச் சொட்டியது பெல்ற்றில் ஊறுகிறது. காலையில் வழுக்கிக் கத்துகிறது. எஞ்சின் சூடானதும் சீல் விரிந்து இறுகுகிறது, பெல்ற்றும் காய்ந்துவிடுகிறது. மத்தியானத்தில் சத்தம் வராததற்கும் அதுவே காரணம்.

சாமான் வாங்க ஸ்ரான்லி வீதிக்குப் போனேன். பெல்ற்றில் அச்சிட்டிருக்கும் எண்ணில் ‘பி.கே.’க்கு முன்னால் வருவது வரிகளின் எண்ணிக்கை, பின்னால் வருவது மில்லிமீற்றரில் நீளம். பழையதை எடுத்துப் போனால் வாய்த்தர்க்கம் மிச்சம். பம்பையும் பெல்ற்றையும், பம்ப் பொருந்தும் இடத்தில் கசியாமல் வைக்கும் கஸ்கற்றையும் புதிதாக வாங்கினேன். கூலன்ற்றில் ஊறிய பெல்ற்றைக் கழுவிப் போடலாமா என்று கேட்டதற்கு அண்ணை சிரித்தார். வெடிப்பு இல்லாததை நம்பாதீர்கள், இப்போதைய இ.பி.டி.எம். ரப்பர் பெல்ற்றுகள் பழையவை போல வெடித்துக் காட்டுவதில்லை, வரிகள் தேய்ந்துகொண்டே போகும் என்றார்.

பம்ப் மாற்றும் வேலையில் நேரம் எடுத்தது பழைய கஸ்கற்றைச் சுரண்டுவதும், புல்லிகளின் பள்ளங்களைப் பிரஷ்ஷால் துடைப்பதும், ரேடியேற்றரைக் கழுவுவதும்தான். கழுவியபோது வந்த தண்ணீர் வெகுநேரம் மண் நிறத்தில் ஓடியது. முதலில் வடித்த கூலன்ற்றை ஒரு கானில் பிடித்து மூடிவைத்தார். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சாகும், முற்றத்தில் ஊற்றக் கூடாது. புதிய கூலன்ற்றும் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த நீரும் 50:50 கலந்து நிரப்பினோம். பெல்ற்றை அளவாக இறுக்கி, சற்று ஓடவிட்டு, புல்லியில் படிந்து உட்கார்ந்த பிறகு மறுபடி அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஒல்ரனேற்றர் போல்ற்றில் கால் சுற்றுக் கொடுத்தார்.

மாமாவிடம் வாளியைக் காட்டி வாதாடவில்லை. கலந்து மிஞ்சிய கூலன்ற்றைப் போத்தலில் ஊற்றிக் கொடுத்து, சிறு தொட்டியில் ‘லோ’ கோட்டைத் தொட்டுக் காட்டினேன். அதற்குக் கீழே போனால் நிரப்பாமல் முதலில் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். “இறங்கவில்லையே, பிறகு எதைச் சொல்வது?” என்று வெள்ளிக்கிழமைதோறும் குறைப்படுகிறார்.