பட்ஜெட் ரைசனை ஓவர்கிளாக் செய்யும் முன் ராமைப் பாருங்க

ஓவர்கிளாக் பண்ணினால், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், ப்ராசஸர் எரிந்துவிடுமா என்று தம்பிகள் நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்கிறார்கள். நிதானமாகச் செய்தால் எரியாது, ஆனால் அதனால் சேதம் வந்தால் வாரன்டி கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

என்னிடம் இருப்பது 2018-இல் வந்த ஏஎம்டி ப்ராசஸர், ரைசன் 3 2200ஜி. நாலு கோர், 3.5 கிகாஹெர்ட்ஸ், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, உள்ளேயே இருக்கும் வேகா 8 தான். விலை குறைவான சிப்பாக இருந்தும் மல்டிப்ளையருக்கு, அதாவது அடிப்படைக் கிளாக்கைப் பெருக்கி கோர் ஸ்பீடைத் தரும் எண்ணுக்கு, பூட்டு போடாமல் கொடுத்தார்கள் பாருங்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். மதர்போர்டு மட்டும் பி350 அல்லது பி450 போன்ற ரகமாக இருக்கணும், ஏ320-இல் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது, கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

பயாஸுக்குள் (கணினி ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் திரை) போனதுமே கோர் ஸ்பீடை ஏற்றத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். வேகாவுக்குத் தனி மெமரி கிடையாது, கணினியின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, அதனால் ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்குக்குப் பதிலாக இரண்டு 4 ஜிபி போட்டு (இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் டேட்டா போகும்), ராமை அதற்குச் சொல்லப்பட்ட முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்தாலே கேம் ஓடுகிற விதத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

அப்புறம் மல்டிப்ளையரை 0.25 வீதம், அதாவது 25 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டி வெப்பத்தைக் கவனியுங்கள். இந்தச் சிப்பின் உச்சவரம்பு 95 டிகிரி, நம்ம ஊர் மே மாத வெயிலில் அந்தப் பக்கமே போக வேண்டாம். டிஸ்ப்ளே வராமல் போனால் பதற வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழற்றி மாட்டினால் பயாஸ் பழைய செட்டிங்குக்கு வந்துவிடும்.