பச்சை எந்தப் பக்கம்

பிப்ரவரி 4

இன்றும் அப்பா போனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 5

எடுத்தாராம். பச்சையைத் தள்ளினாராம். கட் ஆகிவிட்டதாம். "நான் எடுத்தேன்மா, அதுதான் வச்சிடுச்சு."

சாயங்காலம் தம்பியின் பழைய ஆண்ட்ராய்டை அவர் கையில் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து நானே கூப்பிட்டுப் பார்த்தேன். திரை பூட்டியிருந்தால் மேல்நோக்கித் தள்ள வேண்டும். ஏதாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மணி அடித்தால் மேலே ஒரு பட்டை வருகிறது, அதில் தட்ட வேண்டும். என் ஐபோனும் அப்படித்தான்: பூட்டியிருந்தால் இழு, திறந்திருந்தால் தட்டு. ஒரே வேலைக்கு இரண்டு பழக்கம். அப்பா தட்ட வேண்டிய இடத்தில் தள்ளுகிறார், தள்ள வேண்டிய இடத்தில் அழுத்திப் பிடிக்கிறார். அவர் பங்குக்கு ஒழுங்காகத்தான் செய்கிறார்.

இரண்டாவது கண் அறுவைக்கான தேதியை ஆஸ்பத்திரியில் போனில்தான் சொல்வார்கள். அவருடைய எண்ணைத்தான் கொடுத்து வைத்திருக்கிறது.

பிப்ரவரி 7

அப்பாவுக்கு வாங்கப் புதுப் போன்களின் பட்டியல் ஒன்றைத் தம்பி அனுப்பியிருக்கிறான். 200 மெகாபிக்சல் கேமரா. அப்பா எடுக்கப் போவது தன் கட்டைவிரலைத்தான்.

பிப்ரவரி 8

அப்பாவுக்குப் புது விளையாட்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறார், அப்புறம் மற்றதை மூடிக்கொண்டு பார்க்கிறார். அறுவை முடிந்த கண்ணில் வெள்ளை நல்ல வெள்ளையாக, லேசாக நீலம் பூத்துத் தெரிகிறதாம். இன்னொன்றில் பழைய செய்தித்தாள் மாதிரி. வயதான லென்ஸ் மஞ்சளாகி நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. இத்தனை வருடம் அந்த மஞ்சள் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். வெள்ளையில் சாம்பல் எழுத்து போட்டுத் திரை வடிவமைப்பவர்கள் யார் என்று தெரிந்தால் தேவலை. அந்தக் கண்ணுக்கு அந்த எழுத்து இல்லவே இல்லை.

எழுத்தின் அளவை உச்சத்தில் வைத்தேன். படிக்க முடிகிறது. ஆனால் சில செயலிகளில் வரி உடைந்து, 'சரி' என்ற பொத்தானே திரைக்கு வெளியே போய்விடுகிறது. அப்படியானால் பெரிய திரை வேண்டும். பெரிய திரை என்றால் 200 கிராமுக்கு மேல் போகிறது, அவர் மணிக்கட்டு கொஞ்ச நேரத்தில் தாழ்ந்துவிடுகிறது. படுத்துக்கொண்டு பார்க்கும் பழக்கம் வேறு.

தம்பி சொல்கிறான், இரண்டாவது கண்ணும் முடியட்டும், பிறகு வாங்கலாம் என்று. நியாயம்தான். ஆனால் இரண்டாவது கண்ணுக்குத் தேதி வர, போனை எடுக்க வேண்டுமே.

பிப்ரவரி 9

"பட்டன் போனுக்கு என்ன குறைச்சல்?" ஒரு குறையும் இல்லை அப்பா. அது 3ஜி. நாடு நாடாக அதன் சிக்னலையே நிறுத்திக்கொண்டு வருகிறார்கள். சண்டை. சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

பிப்ரவரி 11

விரல். இத்தனை நாள் கண்ணையே நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரை அழுத்தத்தை உணர்வதில்லை, தோலின் மின்கடத்தலைத்தான் உணர்கிறது. அப்பாவின் விரல் நுனி வறண்டு வழுவழுவென்று இருக்கிறது, திரை பாதி நேரம் அவரைக் கண்டுகொள்வதில்லை. அவரோ கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்துகிறார், நகத்தால் அழுத்துகிறார். நகம் திரைக்குத் தெரியவே தெரியாது. திடீரென்று பதிந்துவிட்டால் அது 'நீண்ட அழுத்தம்' ஆகிவிடும். உடனே ஐகான்கள் பிடியை விட்டு நகர ஆரம்பிக்கின்றன. நேற்று போன் ஐகானே காணாமல் போய் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. "எல்லாம் ஓடுதும்மா" என்று போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அணுகல்தன்மை அமைப்பில் 'தொட்டுப் பிடிக்கும் நேரம்' என்று ஒன்று இருக்கிறது. அதை 'நீளம்' என்று மாற்றினேன். பாதிப் பிரச்சினை போனது. முகப்புத் திரையைப் பூட்டி வைக்கும் வசதி சில போன்களில்தான் இருக்கிறது. அது இல்லாத போனைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். கைரேகை வைத்துத் திறப்பதும் வேண்டாம். ரேகை தேய்ந்துவிட்டது, பத்துக்கு ஐந்து தடவை 'மீண்டும் முயலவும்' என்கிறது.

பிப்ரவரி 12

அழைப்பு இல்லை. மிஸ்டு கால் பட்டியலில் எல்லாம் என் எண்தான்.

பிப்ரவரி 14

மதியம் போன் பேச ஆரம்பித்துவிட்டது. தொடும் இடத்தையெல்லாம் உரக்கப் படிக்கிறது. தட்டினால் எதுவும் திறக்கவில்லை. பார்வையற்றவர்களுக்கான டாக்பேக். ஒலி கூட்டும், குறைக்கும் பொத்தான்களைச் சேர்த்துச் சில நொடி பிடித்தால் அது விழித்துக்கொள்ளும்படி வைத்திருந்தது. அப்பா போனை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பார். அது விழித்திருக்கும்போது ஒரு தட்டு தேர்ந்தெடுக்கும், இரண்டு தட்டுதான் திறக்கும். அதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? அடுத்த வீட்டுக்குப் போய் ரிப்பேர் என்று சொல்லியிருக்கிறார். குறுக்குவழியை அணைத்தேன்.

பிப்ரவரி 17

காதுக் கருவியைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை, நான் உட்பட. ஆடியாலஜிஸ்ட்டிடம் கருவியின் மாடலைச் சொல்லிக் கேட்டேன். எல்லாக் கருவியும் எல்லாப் போனோடும் நேரடியாகச் சேராதாம். சிலது ஐபோனோடு மட்டும், சிலது சில ஆண்ட்ராய்டுகளோடும். கடைக்குப் போகும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நல்லவேளை, அப்பாவுடையது இரண்டிலும் சேரும் வகை.

ரிங்டோனையும் மாற்றினேன். வயதானால் முதலில் கீச்சென்ற ஒலிகள்தான் காதை விட்டுப் போகும். போனோடு வரும் பாட்டெல்லாம் அந்த ரகம். கனமான பழைய மணிச் சத்தம் ஒன்று வைத்ததும் பின்கட்டிலிருந்தே "யாரு?" என்றார்.

பிப்ரவரி 18

தம்பி தன் பழைய ஐபோனைத் தருகிறேன் என்கிறான். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போன். ஓடிபி கேட்டு எவனாவது கூப்பிடும் காலத்தில் அதையா இவர் கையில் கொடுப்பது? 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் 7 வருட அப்டேட் என்று சொல்லியிருக்கின்றன. விலை குறைந்த மாடல்களுக்குப் பெரும்பாலும் அவ்வளவு கிடைக்காது. அப்பாவிடம் இதை விளக்கினேன்.

"எனக்கே அவ்வளவு வருஷம் அப்டேட் வராதேம்மா."

சிரித்துத் தொலைத்தேன்.

பிப்ரவரி 20

கிடைத்துவிட்டது! அத்தை மகளின் சாம்சங்கில் அணுகல்தன்மைக்குள் போய்த் தேடினேன். ஒலி கூட்டும் பொத்தானை அழுத்தினால் அழைப்பை எடுக்கலாம். பக்கப் பொத்தானை அழுத்தினால் வைத்துவிடும். நிஜப் பொத்தான்! பூட்டியிருந்தாலும் திறந்திருந்தாலும் ஒரே வேலை. அப்பாவிடம் கொடுத்துவிட்டு மாடியிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தார். "சொல்லும்மா." வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தார். மறுபடி கூப்பிட்டேன். "வேலை இல்லையா உனக்கு?"

அதே கம்பெனியில், மெகாபிக்சல் குறைந்தது, 190 கிராமுக்குள். தம்பிக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 22

சிம் மாற்றியாயிற்று. பின் எண் 1234 போதும் என்கிறார். முடியாது என்றேன். இன்னும் பேச்சுவார்த்தை.

பிப்ரவரி 24

அவரே எடுத்தாராம், அவரே பேசினாராம். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று சொன்னார்களா என்று கேட்டால், அது ஞாபகமில்லை என்கிறார். நாளைக்கு நான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.