ரிம் மாற்றாமல் அகல டயர்: போலோவுக்கு 195 போட்ட கதை

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கிளம்பி மேலே போய்ச் சேர்வதற்குள் என் ஃபோக்ஸ்வாகன் காரான போலோ ஜிடி டிஎஸ்ஐயின் முன்டயர்கள் பாதி வளைவுகளிலாவது கீச்சிடும். 1.2 லிட்டர் டர்போ, முன்சக்கரங்கள்தான் இழுக்கும். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டால் வண்டியின் மூக்கு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். கம்பெனி அளவு 185/60 ஆர்15: அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம். அதுவும் தேய்ந்து, பள்ளத்துக்குள் தேய்மான எல்லையைக் காட்டும் 1.6 மில்லிமீட்டர் மேட்டைத் தொட்டுவிட்டது. மாற்றித்தான் ஆகவேண்டும். மாற்றுகிற கையோடு கொஞ்சம் அகலமாகப் போட்டால் என்ன என்று ஆசை. அலாய் வீலை மாற்றும் எண்ணமில்லை, காசும் இல்லை.

முதலில் போன கடையில் கேட்டு முடிப்பதற்குள், "205/60 போட்டுக்கங்க சார், எல்லாரும் அதான் போடுறாங்க" என்று ஒரு டயரை உருட்டி வந்துவிட்டார்கள். பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருடத்தையும் சொல்லும் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு மேல் பழையது. "குடோன்லதான் சார் இருந்துச்சு, ஓடவே இல்லையே" என்றார்கள். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். அந்த டீ இன்னும் முடியவில்லை.

அடுத்தது கோரிமேடு பக்கம் ஒரு சின்னக் கடை. லாரி டயரிலேயே கை காய்த்துப்போன அண்ணன் ஒருவர். அளவைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு வீலைக் கழற்றித் திருப்பி, உள்பக்கம் வார்த்திருந்த '6ஜே' என்ற எழுத்தைக் காட்டினார். "ரிம் அகலம் 6 அங்குலம் தம்பி. ரப்பர் எவ்வளவு அகலமா வேணா வாங்கலாம், உக்கார்ற எடம் இவ்ளோதான்."

205ஐயும் 6 அங்குல ரிம்மில் ஏற்றலாம், தவறில்லை. ஆனால் பக்கச்சுவர் 12 மில்லிமீட்டர் உயர்ந்துவிடும். வளைவில் அது கூடுதலாக மடங்கும், ஸ்டியரிங் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே ஒரு தயக்கம் வரலாம். உயரமும் இடிக்கிறது. 185/60இன் மொத்த விட்டம் 603 மில்லிமீட்டர்; 205/60 என்றால் 627. வீல் ஆர்ச்சுக்குள் அத்தனை இடம் இருக்கிறதா என்று மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. 195/60 ஆர்15 என்றால் 615, அதாவது 2 சதவீதம்தான் கூடுதல். அகலத்தில் கூடுவது 10 மில்லிமீட்டர், உள்பக்கம் ஐந்து, வெளிப்பக்கம் ஐந்து. சுமை எண்ணும் 84இலிருந்து 88 ஆகிறது, அதாவது டயருக்கு 500 கிலோவிலிருந்து 560 கிலோ. முடிவு செய்தாயிற்று.

மாட்டியது ஒன்றரை மணி நேர வேலை. புது வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட். காற்றுத் துப்பாக்கியைக் கழற்ற மட்டும் பயன்படுத்தினார். போல்ட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினார். அதைப் பார்த்ததுமே பாதி நிம்மதி.

மீதி நிம்மதிக்கு வீட்டில் ஒரு சோதனை. வீல் ஆர்ச்சின் உள்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, அம்மாவையும் பெரியப்பாவையும் அத்தையையும் பின்சீட்டில் ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கினேன். எங்கேயும் சாக்பீஸ் அழியவில்லை. "இதுக்காடா எங்களக் கூப்ட?" என்றார் பெரியப்பா. ஏற்காடு என்று சொல்லித்தான் ஏற்றியிருந்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நிஜமாகவே கூட்டிப்போனேன். கீச்சொலி ஏறக்குறைய இல்லை. மூக்கு போட்ட கோட்டில் நின்றது. இதில் எவ்வளவு அந்த 10 மில்லிமீட்டரின் வேலை, எவ்வளவு புது ரப்பரின் வேலை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. புது 185 போட்டிருந்தாலே பாதி கிடைத்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. இழந்ததும் உண்டு. பக்கச்சுவர் 6 மில்லிமீட்டர் உயர்ந்ததால் ஸ்டியரிங்கின் சுறுசுறுப்பு துளி குறைந்தது. ஸ்பீடோமீட்டரில் 100 காட்டும்போது முன்பைவிட 2 கிலோமீட்டர் கூடப் போகிறேன். ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்து எண்ணுவதால் மைலேஜ் விழுந்தமாதிரி தெரிகிறது. தேங்கிய தண்ணீரில் அகல டயர் சீக்கிரம் மிதக்கும் என்பதால் மழையில் நான் இன்னும் அடக்கமாகவே ஓட்டுகிறேன்.

ஸ்டெப்னி மட்டும் பழைய அளவுதான். இழுக்கும் சக்கரங்களில் இரண்டு விட்டம் இருந்தால், இடது வலது சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைக்கும். அதனால் முன்பக்கம் பஞ்சரானால் பின்டயர் ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டவேண்டும். இதை விளக்கியபோது அம்மா கேட்டார்: "அப்ப மழைல, மலை மேல, ரெண்டு வீல் கழட்டுவியா?"