எடைக்கல்லை வைத்துச் சோதித்த டார்க் ரெஞ்ச்

இரண்டு மாதம் முன்பு, சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலில் வைத்து பைக்குக்கு ஆயில் மாற்றினேன். ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை நீளமான ரிங் ஸ்பேனரால் இறுக்கியபோது கடைசிக் கால் சுற்றில் கை திடீரென்று லேசானது. மரை போய்விட்டது. போல்ட் இரும்பு, அது ஏறும் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிக்கூடு, அலுமினியம். இரண்டும் மோதினால் போவது அலுமினியம்தான். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுக் கொடுத்தார்கள். பட்டறை அண்ணன் கேட்டது ஒரே கேள்வி: “கை கணக்குலயா இறுக்குனீங்க தம்பி?” எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வாங்குவதென்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கடைக்குப் போகும் முன் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, என் கை படும் போல்ட்டுகளை மட்டும் தாளில் எழுதினேன். ட்ரெயின் போல்ட் 30 நியூட்டன் மீட்டர் (இறுக்கும் முறுக்கின் அலகு), பிரேக் காலிப்பர் 26, பின் ஆக்ஸில் நட் 59. கவர்களின் சின்ன போல்ட்டுகள் 10, 12. கையேட்டில் பக்கத்திலேயே கிலோகிராம் மீட்டர் கணக்கும் இருக்கும்; அதை 9.8-ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். இதில் குழம்பினால் பத்து மடங்கு தப்பு வரும் என்பதால் பென்சிலால் ஒரே அலகாக மாற்றி எழுதிக்கொண்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில், சாக்கெட் மாட்டும் சதுர முனை அரை அங்குலம் உள்ள ரெஞ்சைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள். 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. “இது இருந்தா காருக்கும் ஆகும்” என்றார் கடைக்காரர். காருக்கு ஆகும்தான். ஆனால் வைத்த அளவு வந்ததும் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கால் ‘கிளிக்’ என்று சொல்லும் கிளிக் ரெஞ்சுகளின் துல்லியத்தை உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்கிலிருந்துதான் நம்பலாம். 210-க்கு அது 42. என் பட்டியலில் ஆக்ஸில் நட் தவிர எல்லாம் அதற்குக் கீழே. அதனால் 3/8 அங்குலம், 19 முதல் 110 வரை உள்ளதை எடுத்தேன். இதில் 22-க்கு மேல் நம்பலாம். 26, 30, 59 மூன்றும் உள்ளே வந்துவிடும். சின்ன போல்ட்டுகளுக்கு இது ஆகாது. ஒரே ரெஞ்சில் எல்லாம் முடியும் என்ற ஆசையை விட்டால்தான் சரியான ரெஞ்ச் கிடைக்கும்.

முள் காட்டும் பீம் வகை இன்னும் மலிவு. ஸ்பிரிங் இல்லாததால் அளவு எளிதில் மாறாது, முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு முள்ளை நேராகப் பார்க்க முடியாது. அதனால் கிளிக் வகைக்குப் போனேன். 2,200 ரூபாய்.

பெட்டியில் ‘கூட்டியோ குறைத்தோ 4 சதவீதம்’ என்று அச்சடித்திருந்தது. ஐஎஸ்ஓ 6789 தரமும் 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட கிளிக் ரெஞ்சுக்கு அதைத்தான் கேட்கிறது. அச்சடிப்பது சுலபம். இந்த விலைக்கு வாங்கியதை அப்படியே நம்ப எனக்கு மனம் வரவில்லை.

சோதிக்கும் வழி பள்ளிக்கூடப் பாடம்தான்: எடை, பெருக்கல் தூரம். சரியான எடைக்கு எங்கே போவது? செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் அரிசி மண்டி நினைவுக்கு வந்தது. எலெக்ட்ரானிக் தராசு வந்த பிறகு இரும்பு எடைக்கற்கள் மூலையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈயம் அடைத்து அரசு முத்திரை குத்தியிருக்கும். “கல்லு எதுக்கு மாப்ள? வீட்ல கடை போடப் போறியா?” என்று கேட்டுக்கொண்டே மாமா எடுத்துக் கொடுத்தார். முத்திரை பழையது என்பதால் மண்டித் தராசில் வைத்துப் பார்த்தோம். 10 கிலோ கல் ஒன்று, 5 கிலோ கல் இரண்டு. எல்லாம் 10 கிராம் வித்தியாசத்துக்குள் இருந்தன.

அதே லேத் பட்டறையின் வைஸில் செப்புத் தகடு வைத்து, ரெஞ்சின் சதுர முனையைக் கவ்வ வைத்தேன். கைப்பிடி படுக்கைவாட்டில், எடை கீழே இழுத்தால் இறுக்கும் திசையில் திரும்பும்படி. சதுரத்தின் மையத்திலிருந்து கைப்பிடியின் நடு வரை 31 சென்டிமீட்டர். அங்கே மார்க்கர் கோடு போட்டு, நைலான் கயிற்றில் கல்லைத் தொங்கவிட்டேன்.

ரெஞ்சுக்கும் எடை உண்டு என்பதை முதலில் கணக்கில் சேர்க்கவில்லை. அது 900 கிராம். ஸ்குரூ டிரைவர் மேல் கிடத்திச் சமநிலை பார்த்தால் சதுரத்திலிருந்து 15 சென்டிமீட்டரில் நின்றது. அதுவே 1.3 நியூட்டன் மீட்டர் சேர்க்கிறது. 10 கிலோ கல்லுக்கு 30.4, இரண்டும் சேர்த்து 31.7.

முதல் முறை 40-இல் வைத்தும் கிளிக் கேட்டது. பணம் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தப்பு என்னுடையது, கல்லைச் சட்டென்று விட்டிருந்தேன். திடீரென்று விழும் பாரம், நின்ற பாரத்தைப் போல இரண்டு மடங்கு வரை இழுக்கும். பிறகு பட்டறைப் பையன் கல்லை அடியில் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்ல இறக்கினான். புது ரெஞ்சின் உள்ளே கிரீஸ் பரவட்டும் என்று ஏழெட்டு முறை வெறுமனே கிளிக் பண்ணிவிட்டு மறுபடி பார்த்தோம். 32.5 வரை கிளிக் கேட்டது, 33-இல் கேட்கவில்லை. 15 கிலோவில் கணக்குப்படி 46.9, 48 வரை கேட்டது. 20 கிலோவில் 62.1, 63 வரை. ஒவ்வொன்றும் மூன்று தடவை.

ஆக, இந்த ரெஞ்ச் ஒன்றரை முதல் இரண்டரை சதவீதம் வரை குறைவாக இறுக்குகிறது. அச்சடித்த 4-க்குள்தான். எப்போதும் ஒரே பக்கம் குறைவது எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு நாள் கூடி ஒரு நாள் குறைந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அளவுகளைத் தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உள்ளே ஒட்டிவிட்டேன். வருடத்துக்கு ஒரு முறை, அல்லது 5,000 கிளிக்குக்கு ஒரு முறை அளவு பார்க்கச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் இதே கல், இதே வைஸ்.

பயன்படுத்தும்போது கற்றவை: மரையைத் துணியால் துடைத்து, கையேடு சொன்னாலொழிய எண்ணெய் தொடாமல் இறுக்க வேண்டும். இறுக்கும் விசையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது, மீதி உராய்வுக்குப் போகிறது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே கிளிக்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். கிளிக் கேட்டதும் நிறுத்த வேண்டும். “இன்னும் ஒரு தடவை” என்று அழுத்தினால் அளவு தாண்டும். கழற்ற இதைத் தொடவே கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்கு, அதாவது 19-க்கு இறக்கி வைக்கிறேன்.

போன ஞாயிறு செயின் சரிசெய்து, ஆக்ஸில் நட்டை 59-இல் இறுக்கி, நட்டுக்கும் பின் சக்கரத்தைத் தாங்கும் ஆர்முக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டேன். விடியலில் கோரிமேடு வழியாக ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏரிக்கரையில் டீ குடித்து, செகண்ட் கியரில் பிரேக் பிடித்துப் பிடித்து இறங்கினேன். அடிவாரத்தில் குனிந்து பார்த்தேன். கோடு ஒரு மயிரிழைகூட விலகவில்லை. ட்ரெயின் போல்ட்டைச் சுற்றி விரலால் தடவினேன், ஈரமே இல்லை.

அடுத்தது கவர் போல்ட்டுகளுக்கு 5 முதல் 25 வரையிலான கால் அங்குல ரெஞ்ச். கைப்பிடி 20 சென்டிமீட்டர் இருந்தால் 5 கிலோ கல் ஒன்றே ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். கல்லை இப்போதைக்குத் திருப்பித் தரமாட்டேன் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.