விருப்பமில்லை

"எங்கூட்டுக்குக் குழாய் வந்திருச்சுங்களா கண்ணு? வந்ததுக்கப்புறம் இதக் கழட்டுங்க."

அந்த அம்மா கேட்டது இவ்வளவுதான். சத்தம் போடவில்லை, வழியை மறிக்கவில்லை. இடுப்பில் காலிக் குடத்தோடு நின்று கேட்டார். "உங்க ஓனர்கிட்டச் சொல்லுங்கம்மா" என்றேன். ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதிலில் தப்பு ஒன்றும் இல்லை என்று எத்தனையோ முறை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

வீட்டு இணைப்பு கொடுத்து முடித்த தெருக்களில் பொதுக்குழாயை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் குடிநீர்ப் பிரிவுக்கு வந்த உத்தரவு. மேலிடம் சொன்னதால் மட்டும் நான் அதைச் செய்யவில்லை. அது சரி என்று நம்பினேன், இன்றும் நம்புகிறேன். ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒன்றரை மணி நேரம் தண்ணீர் விடுகிற ஊரில், திருகு உடைந்த தெருக்குழாய் ஒன்று வால்வு திறந்த நிமிடத்திலிருந்து மூடுகிற நிமிடம் வரை ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் இருக்கிறவர்கள் பிடித்ததுபோக மிச்சம் சாக்கடைக்குப் போகும். கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வரும். அங்கே உள்ளவர்கள் என்ன செய்வார்கள்? லைனில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சுவார்கள். சாக்கடை ஓரமாகப் போகிற பைப்பில் எங்காவது ஒரு ஜாயிண்ட் விட்டிருந்தால், அந்த உறிஞ்சலில் சாக்கடைத் தண்ணீரும் சேர்ந்து உள்ளே வரும். முறை வைத்து விடுகிற தண்ணீரில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று புகார் வந்து, லைனைத் தோண்டி, அந்த ஓட்டையை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே குழாயை எடுக்கப் போனபோது எனக்கு மனசில் தயக்கம் எதுவும் இல்லை.

அந்தத் தெருவில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. ஆறு லைன் வீடுகள், ஒரே சொத்துவரி எண், உரிமையாளர் வேறு ஊரில். இணைப்புக்கு அவர் கையெழுத்து வேண்டும், வரி கட்டிய ரசீது வேண்டும், டெபாசிட் வேண்டும். அவருக்கோ வரி பாக்கி நிறைய. இரண்டு முறை நோட்டீஸ் அனுப்பியும் பதில் இல்லை. வாடகைக்கு இருப்பவர் பெயரில் இணைப்பு கொடுக்க எங்கள் விண்ணப்பத்தில் வழியே கிடையாது.

ஓனரிடம் சொல்லுங்கள் என்று நான் சொன்னதும் அந்த அம்மா சொன்னார்: "நீங்க சொன்னாத்தான் அவரு கேப்பாருங்க. நாங்க சொன்னா, கஷ்டமா இருந்தா காலி பண்ணிக்கங்கம்பாரு."

அங்கே நின்றபடியே அவருக்கு போன் செய்தேன். இதைக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் என் பக்கத்தில் இருக்கிற ஒரே நல்ல விஷயம் இதுதான். "அடுத்த மாசம் பார்க்கலாங்க மேடம்" என்றார். அது நடக்காது என்று போனை வைக்கும்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் "சொல்லிட்டேன்மா, அடுத்த மாசம் போட்டுருவாரு" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது, அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஃபிட்டர் பைப் ரெஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த ஊர்க்காரர், என்னைவிட இருபது வயது மூத்தவர். "மேடம், இது ஒண்ண மட்டும் உட்டுரலாங்க. யாரும் கேக்கமாட்டாங்க" என்றார். அடுத்த தெருவில் முந்தின நாள்தான் இரண்டு குழாய்களை எடுத்திருந்தோம். அங்கேயும் அழுதார்கள். இங்கே ஒன்றை விட்டால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? கவுன்சிலர் ஆள் வந்து சொன்னால் விடமாட்டேன், ஃபிட்டர் சொன்னால் மட்டும் விடலாமா? "எடுங்கண்ணா" என்றேன். துருப்பிடித்த பைப் லேசில் திரும்பவில்லை. ரெஞ்சு இரண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவைதான் கழன்றது. எண்ட் கேப் போட்டு அடைத்தார். குடம் வைத்து வைத்து அந்த சிமெண்ட் மேடையில் வட்டமாக ஒரு குழி விழுந்திருந்தது. அதில் தேங்கியிருந்த தண்ணீரில் ஒரு காகம் வந்து குடித்தது. அந்த அம்மா அதற்குள் உள்ளே போயிருந்தார்.

அன்று சாயங்காலம் பதிவேட்டை எழுதினேன். இணைப்பு பெறாத சொத்துகளுக்குக் காரணம் எழுத ஒரு கலம் உண்டு. அந்தச் சொத்துவரி எண்ணுக்கு நேராக 'விருப்பமில்லை' என்று எழுதினேன். எல்லோரும் எழுதுகிற வார்த்தைதான். உரிமையாளருக்கு விருப்பமில்லை என்று அர்த்தம். ஆறு குடும்பங்கள் அங்கே ஒரு வரியாகிவிட்டன, அந்த வரிக்கு ஒரு வார்த்தை. குடத்தோடு நின்றவருக்கா விருப்பமில்லை?

கடைசித் தெருவில் அடுத்த முறையிலேயே தண்ணீர் ஏறியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு பெண் கைக்குழந்தையோடு வாசலில் நின்று வாளி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மோட்டார் போடாமயே வருதுங்க" என்றாள். அந்த முகத்தை நினைத்துக்கொண்டால் செய்தது சரி என்று தோன்றும். அப்புறம் வேறொன்று நினைவுக்கு வரும். அதே வாரம்தான் அந்த லைனில் பழுதான வால்வை மாற்றினோம். தண்ணீர் எதனால் ஏறியது என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. முயற்சி செய்தேனா என்று கேட்டால், இல்லை.

பயிற்சி வகுப்பில் எங்களுக்கு கம்போடியாவின் புனோம் பென் கதையைச் சொல்வார்கள். 1993-இல் ஏக் சொன் சான் என்பவர் அந்நகரக் குடிநீர் வாரியத்தின் பொறுப்புக்கு வந்தபோது, விடுகிற தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் கணக்கே கிடையாது. அதைப் பல வருஷம் பாடுபட்டு 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார், நகரம் முழுக்க 24 மணி நேரமும் தண்ணீர் கொடுத்தார். ராணுவத் தளபதி ஒருவர் வீட்டில் மீட்டர் வைக்கப் போய்த் துப்பாக்கி முனையில் நின்றதைச் சொல்லும்போது வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். யாருக்கும் வளையக்கூடாது என்று அன்று மனசில் எழுதிக்கொண்டேன். அதே வாரியம் ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் மானியம் கொடுத்தது, மீதியைத் தவணையில் கட்ட விட்டது என்பதைப் பிற்பாடு நானாகத் தேடிப் படித்தேன். அவர் வளையாமல் நின்றது தளபதியின் வாசலில். நான் நின்றது எந்த வாசலில்?

குழாயை எடுப்பதற்கு முன்பு அதை அளந்திருந்தேன். 15 லிட்டர் வாளி 40 நொடியில் நிரம்பியது. ஒன்றரை மணி நேரத்துக்கு 2,025 லிட்டர். அறிக்கையில் 'வீணாகும் அளவு' என்று அதைத்தான் போட்டேன். தெருக்குழாயை நம்பி இருப்பவர்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்பது அன்றைய குடிநீர்த் திட்டக் கையேட்டின் அளவு. அந்த ஆறு வீடுகளிலும் சேர்த்து 24 பேர். இரண்டு நாளைக்கு 1,920 லிட்டர் வருகிறது. இந்தக் கணக்கைப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் இரண்டு வருஷம் கழித்துத்தான் போட்டேன். அதில் பாதி சாக்கடைக்குப் போனது உண்மைதான். திருகை மாற்றியிருந்தால் போயிருக்காது என்பதும் உண்மை. திருகு எங்கள் ஸ்டோரில் இருந்தது.

அதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. உரிமையாளர் பிறகு இணைப்பு வாங்கினாரா, வாங்கியதும் வாடகையை ஏற்றினாரா, தெரியாது. ஃபிட்டரிடம் போனில் கேட்டிருக்கலாம். பண்டிகைக்கெல்லாம் பேசுகிறோம், அதை மட்டும் நான் கேட்டதில்லை.

இப்போது இருக்கிற ஊரில், 'விருப்பமில்லை' கலத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, 'குடியிருப்பவர்' என்று தலைப்பு எழுதி வைத்திருக்கிறேன். வீடு வீடாகக் கேட்டு அதையும் நிரப்பச் சொல்கிறேன். எந்த உத்தரவுப்படி இது என்று மேலதிகாரி கேட்டார். பதில் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்ற அப்படி ஒரு கலம் கிடையாது, அதனால் மாத அறிக்கையில் அது போவதில்லை. இதுவரை 43 வீடுகள். எல்லாவற்றுக்கும் நேரே 'வேண்டும்' என்றுதான் இருக்கிறது.